மோடம் வைத்திருப்போர் கவனத்திற்கு

1. மோடம் என்றால் என்ன?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வரவேண்டியதே இல்லை. ஒரு பக்க நோட்டீஸ், அவ்வளவுதான்.

எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் புதிதாக வந்த சின்ன வயசு அதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தாமோதரன், உத்திரமேரூர் பூரா பிராட்பேண்ட் குடுத்துட்டோம். மோடம்னா என்னன்னே ஒருத்தருக்கும் தெரியல. எளிய தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, ஜெராக்ஸ் போட்டு வீட்டுக்கு வீடு குடுத்துடலாம்" என்றார். பத்தொன்பது வருஷமாகக் கம்பம் ஏறுகிற லைன்மேனிடம் போய் எழுதச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? அன்று சாயங்காலமே நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டேன். அது 2007 நவம்பர் கடைசி. இப்போது மார்கழி பாதி போய்விட்டது. அதிகாரி தினமும் கேட்கிறார். நான் தினமும் "ஃபைனல் டச் சார்" என்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மோடம் என்பது டெலிபோன் கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி." ஒரு தப்பும் இல்லை. ஆனால் எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது: "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே! உங்கள் இல்லங்களில் ஒளிவிடும் அந்தச் சின்னஞ்சிறு பெட்டி..." சரி வேண்டாம், தேர்தல் மீட்டிங் மாதிரி போகிறது.

மூன்றாவது: "பஜார் தெருவில் சடையப்பன் என்று ஓர் உரக்கடைக்காரர் இருக்கிறார். அவர் மகன் தினேஷ்குமாருக்கு..."

இங்கேதான் கெட்டது. நோட்டீஸ் போச்சு.

2. விளக்குகளைப் புரிந்துகொள்ளுதல்

மோடத்தின் முகத்தில் நாலு விளக்கு. முதலாவது கரண்ட். இரண்டாவது ஏ.டி.எஸ்.எல். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; கம்பியில் லைன் கிடைத்ததா என்று சொல்லும் விளக்கு. மினுக்கினால் தேடிக்கொண்டிருக்கிறது, நின்று எரிந்தால் பிடித்துவிட்டது. மூன்றாவது இன்டர்நெட். நாலாவது கம்ப்யூட்டர்.

சடையப்பன் வீட்டில் நாலும் எரியவில்லை என்று புகார். "ஆயுத பூஜைலேர்ந்து ஒரு லைட்டும் எரியலப்பா. ஒரே பேஜாரா கீது" என்று எக்ஸ்சேஞ்சுக்கே வந்து நின்றார்.

லைன்மேன் வேதாசலம் போய்ப் பார்த்தார்.

(வேதாசலம் யார் என்று கேட்பீர்கள். கற்பனைப் பாத்திரம். ஆறடி உயரம், சுருட்டை முடி, இந்தப் பக்கத்திலேயே அவரைப்போல் கம்பம் ஏற ஆளில்லை. கதையில் ஒரு லைன்மேன் தேவைப்படுகிறார், நானாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.)

கூடத்தில் மேஜைமேல் மோடம். கழுத்தில்லாத அதற்கு ஒரு சாமந்தி மாலை. நாலு விளக்கின் மேலும் அளவெடுத்து வைத்ததுபோல் நாலு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சடையப்பன் மனைவி எல்லம்மாள் பெருமையாகச் சொன்னார்: "நாலு கண்ணு கீதேன்னு நாலுத்துக்கும் வெச்சேன்."

வேதாசலம் நகத்தால் சுரண்டினார். ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் பச்சையாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளாக இன்டர்நெட் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. விளக்கு எரியாததால் ஒருத்தரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

எல்லம்மாள் சுவரில் இருக்கிற சின்ன வெள்ளைப் பெட்டிக்கும் பொட்டு வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். வெளியிலிருந்து வரும் டெலிபோன் கம்பி அந்தப் பெட்டிக்குள்தான் இரண்டு ஸ்க்ரூவில் மாட்டப்பட்டு வீட்டுக்குள் போகும். அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு புள்ளலூரில் கம்பம் சாய்ந்த அவசரம். வேதாசலத்துக்கு, அதாவது.

3. ஒரே கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் எப்படி?

நல்ல கேள்வி. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போன் பேச்சு தாழ்ந்த அலையில் போகிறது, இன்டர்நெட் உயர்ந்த அலையில் போகிறது. இரண்டையும் பிரித்துவிட ஸ்பிளிட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டி உண்டு. அது இல்லாத போனை எடுத்தால் இன்டர்நெட் தடுமாறும்.

சடையப்பன் லைனில் ஸ்பிளிட்டர் இல்லாத ஒரு போன் இருந்தது. பக்கத்து வீட்டில், பாத்திரக்கடை ஹபீபுல்லா வீட்டில். வீட்டுச் சுவருக்கு வெளியே கம்பியைக் கிளை பிரித்துக் கொடுத்த பாரலல். இவர்களுக்கு போன் வந்தால் அங்கேயும் மணியடிக்கும். சட்டப்படி தப்பு. கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், வேதாசலம் என்று எழுதினால் நம்பவா போகிறீர்கள்?

4. மாப்பிள்ளை பார்த்தல் (அதிகாரி இந்தத் தலைப்பை அடித்துவிடுவார்)

தினேஷ்குமாருக்கு வயது இருபத்தொன்பது. உரக்கடையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். நெல்லுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பழையசீவரத்தில் சசிரேகா என்று ஒரு பெண், சிங்கப்பூரில் நர்ஸ். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் ஒரு நிபந்தனை போட்டாள். "லீவு கெடைக்காது. நெட்டுலயே மாப்பிள்ளைய நான் பாக்கணும். படிப்பு, நகை எதுவும் பெருசில்ல. பொய் மட்டும் சொல்லக்கூடாது."

முன்பு நிச்சயமான மாப்பிள்ளை, இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்லி அகப்பட்டுக்கொண்டானாம். அந்தக் கல்யாணத்தை மண்டபம் பார்த்த பிறகு நிறுத்தியவள் அவள்.

இங்கே என்ன சிக்கல் என்றால், சடையப்பன் பயோடேட்டாவில் "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி" என்று எழுதியிருந்தார். பையன் அதை முடிக்கவில்லை. இரண்டு அரியர் ஏழு வருஷமாக நிற்கிறது. சொல்லிவிடலாம் என்றான் தினேஷ். "மூடிக்கினு இரு" என்றார் அப்பா. வாசகர்களே, இந்தக் கதையில் பணயமாக இருப்பது இது ஒன்றுதான்: அவன் சொல்வானா, அது அவள் காதுக்குப் போய்ச் சேருமா. மோடமெல்லாம் அப்புறம்தான்.

தீபாவளி முடிந்த ஞாயிறு. மூணேகாலிலிருந்து நாலேகால் வரை நல்ல நேரம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். மூணு மணிக்கு என் செல்லுக்கு போன்: ஏ.டி.எஸ்.எல். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறதாம்.

(என் செல்லுக்கு. சரி, போகட்டும். வேதாசலம் என்று ஒருவரும் இல்லை. எனக்கு ஐந்தடி மூணு அங்குலம், முன்பக்கம் வழுக்கை.)

5. கம்பி இணைப்பைச் சரிபார்த்தல்

ஓடிப்போய் வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் தண்ணீர் உள்ளே இறங்கி ஸ்க்ரூ இரண்டும் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்றை இறுக்கினேன், தலை முறிந்து கையோடு வந்தது. செம்புக் கம்பியும் வேரோடு ஒடிந்தது. மிச்சம் இருந்தது நகத்தளவு. முறுக்கிச் சேர்க்க நீளம் போதவில்லை*, சுவரை உடைத்துப் புதுக்கம்பி இழுக்க நேரம் இல்லை.

(* நீங்களும் லைன்மேனாக இருந்தால், "நடுவுல ஒரு துண்டு ஒயர் போட வேண்டியதுதானேய்யா" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை, பை பூட்டிய எக்ஸ்சேஞ்சுக்குள் இருந்தது. போதுமா?)

"தாமு, ஒரு மணி நேரம். கையிலயே புடிச்சிக்கயேன்" என்றார் சடையப்பன்.

பிடித்தேன். மேஜைக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு விரலால் இரண்டு முனையையும் சேர்த்து அழுத்திக்கொண்டேன். விளக்கு மினுக்கி, மினுக்கி, நின்று எரிந்தது. கை விட்டால் போச்சு, திரும்பத் தேடிப் பிடிக்க ஒன்றரை நிமிஷமாவது ஆகும்.

கையால் பிடிப்பவர்கள் கவனத்திற்கு: சாதாரணமாக இந்தக் கம்பி ஒன்றும் செய்யாது. யாராவது போன் பண்ணினால்தான் ஆபத்து. மணியடிக்க வருகிற கரண்ட் விரலில் சுள்ளென்று ஏறும். அதனால் கூடத்து போனைக் கழற்றிப் போட்டேன். உறவுக்காரர்களிடம் யாரும் போன் பண்ணக்கூடாது என்று சொல்லியாயிற்று. ஜன்னல் வழியாக ஹபீபுல்லா மனைவி மெஹர்பானுவிடம், "ஒரு மணி நேரம் போனைத் தொடாதம்மா" என்றேன்.

"தொட மாட்டேண்ணே. யாரும் எடுக்காம நான் பக்கத்துலயே குந்திக்கினு கீறேன்" என்றது அந்தப் பெண்.

திரையில் சசிரேகா வந்தாள். நீலச் சுடிதார், அரை முகம் வெளிச்சம். எல்லம்மாளுக்குப் பெரிய குழப்பம். சொஜ்ஜி, பஜ்ஜி தட்டைப் பெண்தான் தூக்கி வர வேண்டும். பெண் சிங்கப்பூரில் இருக்கிறது. கடைசியில் தினேஷ் கையிலேயே தட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து கேமராவுக்கு முன்னால் தட்டை நீட்டினான்.

"பஜ்ஜி நல்லா கீது, சாப்ட முடியலயே" என்றாள் அவள். "கொஞ்சம் நடந்து காட்டுங்க, காலு நல்லா கீதான்னு பாக்கறேன்."

அவன் உண்மையாகவே எழுந்து பீரோ வரைக்கும் நடந்துவிட்டு வந்தான்.

"பாடத் தெரியுமா?"

"தெரியாதுங்க. பூச்சிமருந்து விளம்பரம் மட்டும் சொல்லுவேன்."

சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. என் விரல் மரத்துப்போயிருந்தது. இருந்தாலும் எனக்கு சந்தோஷமாக இருந்தது. இந்த ஜோடியை நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கர்வம்கூட வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

7. இணைப்பு துண்டிக்கப்படுவது ஏன்?

(ஆறாவது பிரிவில் மழைக்காலப் பராமரிப்பு பற்றி எழுதினேன். மழையைச் சாக்கு வைத்து நான் ஒளிந்துகொள்ளப் பார்ப்பது தெரிந்தது. கிழித்துவிட்டேன்.)

நாலு மணி தாண்டி இரண்டு நிமிஷம். தினேஷ் தொண்டையைக் கனைத்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும்ங்க."

கேமராவில் படாத மூலையில் சடையப்பன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மகனைத் தடுத்தால் அந்தப் பெண் பார்த்துவிடும். என்னைப் பார்த்தார். விட்டுவிடு என்று கையைக் காட்டினார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அப்புறம் அந்த மனுஷன், ஊரில் ஒருத்தரிடமும் பணிந்து பேசாதவர், என்னைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார். கண்ணில் தண்ணீர்.

நான் விட்டுவிட்டேன்.

இந்த வரியை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். "விரல் மரத்ததால் கம்பி நழுவியது." பொய். "அப்போது பார்த்து யாரோ போன் பண்ண..." அதுவும் பொய். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் விட்டேன், ஒரு பாழாய்ப்போன பட்டத்துக்காக ஒரு கல்யாணம் நிற்கக்கூடாது என்று.

லைன் போனால் திரை இருண்டுபோகும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. சசிரேகாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது, லேசாகச் சிரித்தபடி, கண் திறந்தபடி. தினேஷுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து அந்தப் படத்திடம் பேசினான்.

"நான் பி.எஸ்சி. முடிக்கலங்க. ரெண்டு அரியர் கீது. இனிமே எழுதிடுவேன்னும் சொல்ல மாட்டேன், எனக்குக் கெமிஸ்ட்ரி வராது. நைனா ஆசையில போட்டுட்டாரு, அவரத் தப்பா நெனைக்காதீங்க. கடைய நல்லா பாத்துப்பேன். உங்களையும்தான். பொய் சொல்லிக் கட்டிக்க எனக்குப் புடிக்கல. வேணாம்னாலும் சரிங்க."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. எல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். சடையப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "அடடா, ரிங் வந்துச்சு, ஷாக்குல இப்பதான் கைய வுட்டுட்டேன்" என்றேன்.

திரும்பச் சேர்க்கப் பார்த்தேன், மிச்சமிருந்த நகத்தளவுக் கம்பியும் ஒடிந்தது. நாலேகால் தாண்டியும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. "பரவால்லண்ணே" என்றான் தினேஷ், வேர்த்துக் கொட்டிய முகத்தோடு. "சொல்ல வேண்டியத சொல்லி முடிச்சிட்டேன். கண்ணு கொட்டாம கேட்டாங்கண்ணே, பாத்தீங்களா?"

செவ்வாய்க்கிழமை பழையசீவரத்திலிருந்து சம்மதம் வந்தது. தை மாதம் கல்யாணம். தினேஷ் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து என் வாயில் ஒரு லட்டைத் திணித்தான். "தெரிஞ்சும் ஒத்துக்கினாங்கண்ணே" என்றான். நான் அந்த லட்டை மென்று முழுங்கினேன். என்ன ஜென்மம் நான்.

8. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்டது மெஹர்பானு ஒருத்திதான். புதுப்பெட்டி மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ரிங் வந்துச்சுன்னியாமே? அன்னிக்கி ஒரு மணி நேரம் போன மடியில வெச்சிக்கினு குந்தியிருந்தேன். எங்க வூட்டுல அடிக்கவே இல்லியேண்ணே."

நான் செருப்பைப் பார்த்தேன்.

"அந்தப் புள்ள சொன்னது ஜன்னல்ல எனக்கே கேட்டுச்சு. அவளுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல."

"இன்னா பண்ணி வெச்சிருக்கே நீ!" என்றாள். "நீயே சொல்லிடு. இல்லாட்டி பத்திரிகை அடிக்கறதுக்குள்ள நான் சொல்லிடுவேன்."

நோட்டு வாங்கினதிலிருந்து இதற்குத்தான் முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவு ஒன்று: சசிரேகா கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டு சிரித்து விட்டுவிடுகிறாள். (சினிமா மாதிரி இருக்கிறது.) முடிவு இரண்டு: தினேஷ் இரண்டு அரியரையும் இந்த மாதமே எழுதிப் பாஸாகிறான். (அவனுக்குக் கெமிஸ்ட்ரி வராது.) முடிவு மூன்று: லைன்மேன் தாமோதரன் நேராக உரக்கடைக்குப் போய், எல்லோர் முன்னாலும், நெஞ்சை நிமிர்த்தி... இந்த வாக்கியத்தை இதுவரை பதினோரு தடவை எழுதிவிட்டேன். கடை வாசல் வரைக்கும் நாலு தடவை நடந்தும் விட்டேன். நாலு தடவையும் யூரியா என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்கு நிலம்கூட இல்லை.

9.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது ஒரு நல்ல வழி என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்தக் கதைக்கு ஊர் முழுக்க வாசகர்கள் கிடையாது. ஜெராக்ஸும் போடவில்லை. இருப்பது ஒரே பிரதி, ஒரே வாசகன்.

தினேஷு, அது நீதான்.

நோட்டீஸ் எழுதியிருக்கிறேன், படித்துத் தப்பு இருந்தால் சொல்லு என்று இன்று சாயங்காலம் இந்த நோட்டை உன் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். எதிரே நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் உன்னையே உன்னிடம் "அவன்" என்று எழுதினேன். மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் எனக்கு அது வேண்டியதுதான்.

கண் கொட்டாமல் கேட்டாள் என்றாயே, அது நின்றுபோன படம்டா. "ஒரு விஷயம் சொல்லணும்ங்க" என்பது வரைக்கும்தான் அவளுக்குப் போனது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை உன் வீட்டில் புதுப்பெட்டி மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. நான் டெஸ்ட் போனை லைனில் மாட்டியிருந்தேன், காதில் விழுந்துவிட்டது. சம்மதம் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "எங்க பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. மாப்ள ஏதோ சொல்ல வந்தாராமே, லைன் பூட்ச்சாம். அது இன்னான்னு அவரு வாயாலயே கேக்கணுமாம்." உன் நைனா, "ஒண்ணுமில்லீங்க, காபி குடிச்சியான்னு கேக்க வந்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்கு நீ பேசியதை நான் கேட்டேன், உன் அம்மா கேட்டார், அடுத்த வீட்டு மெஹர்பானு வரைக்கும் கேட்டது. கேட்க வேண்டியவள் மட்டும் கேட்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது. நீ சொன்னதே நன்றாகத்தான் இருந்தது.

நாளைக்கு ஞாயிறு. அவளுக்கு லீவு. லைனைப் பார்த்துவிட்டேன், கம்பத்திலிருந்து உன் மேஜை வரைக்கும் புதுக்கம்பி, நடுவில் யார் கையும் இல்லை. விளக்கு நின்று எரிந்ததும் பேசு. அவள் கண் கொட்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டே பேசு.